ஒன்பது அஞ்சலையும் ஒரு முதுகும்

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கெடுத்தது அப்புறம். வரிசை மாறினால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். பாடாலூரில் ரோட்டோர டீக்கடையில் கிளாஸ் கழுவியவன், பெரம்பலூரில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்தேன். டார்க் ரூமுக்கு எவனும் இடம் தரவில்லை. ("இருட்டு ரூமா? அதுக்குள்ள என்னப்பா வேலை உனக்கு?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார்கள்.) ஆட்டுக்கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஓட்டைகளைச் சாணி வைத்து அடைத்து இருட்டாக்கினேன். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் வாங்க வக்கில்லை. பால் கேனை அறுத்து நானே ஒன்று செய்தேன். அது இன்னும் ஓடுகிறது. சைக்கிளில் லைட்டு ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு அரியலூர் வரைக்கும் போய்க் கல்யாணம் எடுத்தேன். மாடி வீடு கட்டி, டார்க் ரூமையும் அதற்குள் கொண்டுவந்தேன். ஒரே மகள் தேன்மொழியை எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிக்க வைத்தேன். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டில் மனுஷ மூஞ்சியோடு இருக்கிறார்கள் என்றால் அது என்னால். (ஆதார் அட்டையில் இருப்பது நான் எடுத்தது இல்லை. பார்த்தாலே தெரியும்.)

இதில் ஒன்றுக்காவது ஒருத்தன் வாயைத் திறந்து பாராட்டியதில்லை. ஒரே ஒரு தடவை தோற்றேன். அதை மட்டும் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தேன்மொழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு அரியலூர். சம்பந்தி டிப்பர் லாரி வைத்துச் சுண்ணாம்புக் கல் ஓட்டுகிறவர். போட்டோ, வீடியோ, பறக்கிற கேமரா எல்லாவற்றுக்கும் அவரே ஆள் பேசிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பது வருஷம் ஊரார் கல்யாணத்தை எடுத்தவன் என் மகள் கல்யாணத்தில் பன்னீர் தெளிக்க வேண்டுமாம்.

நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மகள் கேட்டாள். "அப்பா, எல்லார் கல்யாணத்துலயும் நீங்கதான் எடுத்தீங்க. என்னுது மட்டும் வேற ஒருத்தன் எடுக்கணுமா? தாலி கட்டுறதை நீங்க எடுங்க. பழையபடி பிலிம்ல, கருப்பு வெள்ளைல. நான் அவங்ககிட்டப் பேசிக்கிறேன்."

தட்டைக் கிட்டே இழுத்தேன்.

அவளே ரெண்டு ரோல் பிலிம் ஆன்லைனில் வரவழைத்தாள். ஒன்று கல்யாணத்துக்கு. இன்னொன்று எதுக்கு என்று கேட்டேன்.

"சோதனை பண்ணிப் பாக்கத்தான். நீங்க பிலிம் தொட்டே பல வருஷம் ஆச்சு. இந்தக் கம்பெனி பிலிம் எவ்வளவு தப்பைப் பொறுத்துக்கும்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

"தப்பைப் பொறுத்துக்க அது என்ன உங்க அம்மாவா?"

அடுப்படியில் ஒரு பாத்திரம் ஓங்கி வைக்கப்பட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பிலிமுக்கு இவ்வளவு வெளிச்சம் காட்ட வேண்டும் என்று ஒரு அளவு இருக்கிறது. கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ அது தாங்கிக்கொள்ளும். எது வரைக்கும் தாங்கும் என்று பார்ப்பதுதான் சோதனை. ஒரே ஆளை, ஒரே இடத்தில், ஒன்பது படம். ஒன்று சரியான அளவில். நாலு படி கூட்டி நாலு, நாலு படி குறைத்து நாலு. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும். அப்புறம் ஒன்பதையும் ஒரே ரகப் பேப்பரில், ஒரே நேரம் வைத்து பிரிண்ட் போட வேண்டும். எங்கே கருகுகிறது, எங்கே வெளுக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

"ஒரே நேரம்பா. அதை மறந்துடாதீங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுக் காலேஜுக்குப் போனாள். (அப்போதே வாத்தியார் வேலை கிடைத்துவிட்டது. அதுவும் நான் படிக்க வைத்ததால்தான்.)

என் மனைவி அஞ்சலையைக் கொல்லைச் சுவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கையில் சிலேட்டு. ஒவ்வொரு படத்துக்கும் நம்பரை அழித்து எழுத வேண்டியது அவள் பொறுப்பு.

"இன்னும் எத்தனை இருக்குங்க? உலை கொதிக்குது."

"அசையாத. சிரி."

"எதுக்குச் சிரிக்கணும்? நம்பர்தான தெரியணும்?"

ஒன்பது படத்திலும் ஒரே முறைப்பு. சோதனைக்கு அதைவிட நிலையான பொருள் கிடைக்காது.

டார்க் ரூமுக்குள் போனேன். இங்கேதான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நாற்பது வருஷம் ஸ்டுடியோ வைத்தவனுடைய கை அவன் சொல்பேச்சுக் கேட்காது. எவன் வீட்டுப் படமாக இருந்தாலும், நெகட்டிவ் எவ்வளவு கேவலமாக இருந்தாலும், வாடிக்கைக்காரர் கையில் நல்ல படமாகத்தான் போக வேண்டும். அதுதான் எங்கள் தொழில். முதல் படம் சரியாக வந்தது. அடுத்தது கொஞ்சம் வெளுத்து வந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கூட நாலு விநாடி கொடுத்தேன். அதற்கடுத்தது கருகியது. நேரத்தைக் குறைத்தேன், முகத்துக்கு நேராகக் கையை ஆட்டி மறைத்தேன், பேப்பரை மாற்றினேன். ஒன்பதாவது நெகட்டிவில் அஞ்சலையே இல்லை. சேலை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. அதையும் மங்கலைத் தூக்கிக் காட்டுகிற ஹார்டு பேப்பரில் எடுத்து, காய வைத்து, பென்சிலைச் சீவி, புருவம் போட்டேன். கண்ணுக்கு உசிர் கொடுத்தேன். பொட்டு வைத்தேன். மூக்குத்தியும் வைத்தேன்.

ஒன்பது அஞ்சலையும் ஒரே மாதிரி. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை. இந்த பிலிம் எந்தத் தப்பையும் தாங்கும் என்று முடிவு பண்ணிவிட்டேன். தாங்கியது பிலிம் இல்லை, என் பென்சில் என்பது மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் மகள் ஒன்பதையும் மேஜை மேல் வரிசையாக வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே நேரம்தானப்பா?"

"ஆமா."

"நாலு படி கொறைச்சுமா இப்படி வருது?"

"யாரு எடுத்தது?"

அவள் சிரித்தாள். "நீங்க சொன்னா சரிப்பா" என்றாள்.

அந்த "ஆமா" இருக்கிறதே, ரெண்டே எழுத்து. நாலாம் வகுப்பில் கற்றுக்கொண்டதுதான்.

கல்யாணம் அரியலூரில், ஒரு மண்டபத்தில். வீடியோ ஆட்கள் ரெண்டு பெரிய விளக்கைப் போட்டு மேடையைப் பகலாக்கியிருந்தார்கள். நான் வெளிச்சம் அளக்கிற மீட்டர் எல்லாம் வைத்துக்கொள்வதில்லை. (என் கண்தான் மீட்டர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.) மேடையை ஒரு பார்வை பார்த்தேன், அளவு மனதில் விழுந்தது. அதிலிருந்து நாலு படி வேண்டுமென்றே குறைத்தேன். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் தாலி, மாப்பிள்ளை, பின்னால் நிற்கிற நாதஸ்வரக்காரர் எல்லாரும் ஒரே கூர்மையில் விழுவார்கள். பிலிம்தான் தாங்குமே. சோதித்தாயிற்றே.

அப்புறம் வீடியோக்காரரைக் கூப்பிட்டேன். "தம்பி, லைட்ட அணைச்சுட்டுக் கீழ எறங்குங்க. எனக்கு இயற்கை வெளிச்சம்தான் வேணும்."

"பெரியவரே, ஒரு கேமராவாவது ஓடட்டும்."

"பொண்ணு சொல்லல உங்ககிட்ட?"

"சொன்னாங்க. அப்ப எங்க மேல பழி வரக்கூடாது" என்றான். ஆட்களைப் பார்த்து, "வாங்கடா, பொங்கல் சூடா இருக்காம்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

சம்பந்தி பக்கத்தில் வந்தார். "ஏங்க சம்பந்தி, தாலி கட்டுற நேரத்துல லைட்ட அணைக்கிறது நல்லாவா இருக்கு?"

"தொழில் தெரிஞ்சவன்கிட்ட விட்டுடுங்க."

வெளிச்சத்தைக் கணக்குப் போட்டது விளக்கு எரியும்போது. படம் எடுத்தது விளக்கை அணைத்த பிறகு. நாலு படி நான் தெரிந்து குறைத்தது. தெரியாமல் குறைந்தது எத்தனை படி என்று மண்டபத்து ஜன்னலைத்தான் கேட்க வேண்டும்.

கெட்டிமேளம் கொட்டியது. ஸ்டூல் மேல் ஏறி, நேர் முன்னால் நின்று, ரோல் முழுசையும் சுட்டுத் தள்ளினேன். பின்னால் உறவுக்காரர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு "மாமா, கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்று கத்தினார்கள். நான் தள்ளவில்லை. என் மகள் கழுத்தில் தாலி ஏறியதை ஒற்றைக் கண்ணால், கேமரா வழியாகத்தான் பார்த்தேன். படம்தான் வந்துவிடுமே, அப்புறம் ரெண்டு கண்ணாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று.

ரெண்டாம் நாள் மறுவீட்டு விருந்து, எங்கள் வீட்டில். சம்பந்தி வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "இலை போடறதுக்குள்ள தாலி கட்டுற படம் உங்க கையில" என்று சொல்லிவிட்டு டார்க் ரூமுக்குள் போய் பிலிமைக் கழுவினேன். வெளியே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

பிலிம் வழியாக எதிர்ச் சுவரில் காலண்டர் தெரிந்தது. தேதி தெரிந்தது. அன்றைக்கு ராகு காலம் எத்தனை மணி என்று கூடப் படிக்க முடிந்தது. நடுவில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. அது ஹோம நெருப்பு. என் மகள் இல்லை, மாப்பிள்ளை இல்லை, தாலி இல்லை.

கூடத்துக்கு வந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். நான் எப்போது பேசாமல் இருந்திருக்கிறேன்?

"ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க. மாப்ளை இன்னொரு தடவை கட்டட்டும், அஞ்சு நிமிஷத்துல எடுத்துடறேன்."

சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். "தாலியை அவுத்துக் கட்டுறதா? வாயைக் கழுவுங்க. நல்ல நாள் அதுவுமா என்ன பேச்சு இது?"

சம்பந்தி மட்டும் அமைதியாகச் சொன்னார். "எங்க வண்டியில லோடு ரோட்டுல கொட்டிட்டாக்கூட திரும்ப அள்ளிடுவோம். இதை எப்படிங்க அள்றது?"

மகள் என் கையிலிருந்து பிலிமை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். முழுதும் ஓட்டிப் பார்த்தாள். அவள் அழுதிருந்தால் தேவலை.

"அந்த ஒன்பது படமும் ஒரே நேரம்தானாப்பா?"

பதில் சொன்னது அஞ்சலை.

"கடைசிப் படத்துல எனக்கு எடது பக்கம் மூக்குத்தி போட்டிருந்தாரு. எனக்கு என்னிக்கு எடது பக்கம் மூக்குத்தி? அன்னிக்கே பாத்தேன். பெரிய மனுஷனாச்சே, நாம எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆறு மாசம் ஆனது. அதற்கப்புறம் நிறுத்தவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது மகள் அந்த ஒன்பது படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். எதுக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் பக்கத்தில் இருப்பது செல்போனில் எடுத்த ஒரு படம். அதில் இருப்பது என் முதுகு. ஒன்று இல்லை, பதினேழு பேர் எடுத்ததிலும் அதே முதுகு. சட்டை மடிப்பு, வேர்வை, தையல் பிரிந்த இடம் எல்லாம் அவ்வளவு துல்லியம். வெளிச்சம் கச்சிதம். டிவிக்கு முன்னால் யாராவது குறுக்கே போனால் எங்கள் வீட்டில் "தாலி கட்டுறாங்கப்பா" என்கிறார்கள். சாம்பாரில் உப்பு குறைந்தால் அஞ்சலை, "பிரிண்ட்ல சரி பண்ணிக்குங்க" என்று உப்பு ஜாடியைத் தள்ளுகிறாள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நாலு படி இல்லை, நாற்பது படி.

பொறுக்க முடியாதது போன மாசம் நடந்தது. ரெண்டு நாள் எங்களோடு தங்கியிருந்த மகள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டாள் என்று காலேஜுக்கு எடுத்துக்கொண்டு போனேன். லேப் வாசலில் நின்றேன். உள்ளே சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு, ஒன்பது அஞ்சலை. மேலே கொட்டை எழுத்தில், "சோதனை செய்பவரே விடையைத் திருத்தினால்" என்று ஒரு தலைப்பு. ஒரு பெண் எழுந்து, "மேடம், ஒன்பதாவதுல மூக்குத்தி மாறியிருக்கு" என்றது. வகுப்பே சிரித்தது. இன்னொரு பெண், "யாரு மேடம் இதைப் பண்ணது?" என்று கேட்டது.

என் மகள் சொன்னாள். "பெரம்பலூர்ல ஒரு ஸ்டுடியோக்காரர்."

கண்ணாடியைப் பியூனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் கேட்டேன். "உங்க மரியாதைக்காகத்தான்பா பேரைச் சொல்லல" என்றாள்.

எந்த மரியாதை? ஆட்டுக்கொட்டகையை இருட்டாக்கினேன், என் பேரைச் சொன்னார்களா? பால் கேன் என்லார்ஜருக்குச் சொன்னார்களா? கல்யாண மண்டபங்களில் "போட்டோக்காரரே, சாப்டீங்களா" என்பதோடு சரி. கடைசியில் வருஷா வருஷம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிற மாதிரி ஒரு காரியம் செய்திருக்கிறேன். நாலாவது படித்தவன் காலேஜ் சுவரில் தொங்குகிறேன். அதிலும் பேர் இல்லாமலா?

ஆகையால் காலேஜாரிடம் எழுத்து மூலமாகக் கேட்கிறேன். அந்தச் சட்டத்துக்குக் கீழே எழுத வேண்டியது இது: சோதனை செய்து கெடுத்தவர், ஆ. மருதமுத்து, நாலாம் வகுப்பு, இந்த மேடத்தின் அப்பா. சிலேட்டு பிடித்தவர், அஞ்சலை, அம்மா. தப்பு முழுசும் என்னுடையது. அதில் துளியும் பிலிமுக்குப் பங்கு கிடையாது. பேரைக் கருப்பாக, பட்டையாகப் போடுங்கள். வெளுத்து விழுந்தால் பென்சிலை எடுத்துக்கொண்டு நானே வந்துவிடுவேன்.