முதுகில்லாத மீன்கொத்தி

காலையில் எழுந்தான். முகம் கழுவினான். பால் காய்ச்சினான். இரண்டு டம்ளர் எடுத்தான், ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தான். காபியைக் குடித்துவிட்டு வேலை மேசைக்குப் போய், மெழுகில் பதித்து வைத்திருந்த மேல்வரிசைப் பற்களைச் சரிபார்த்தான். அவன் தொழில் பல் செட் செய்வது. தெருவில் அவன் பெயரும் அதுதான். பிறகு, முந்தின நாள் சாயங்காலம் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போயிருந்த தபாலைக் குனிந்து எடுத்தான்.

தபாலைப் பிரிப்பது அவன் மனைவியின் வேலையாக இருந்தது. அவள் இறந்துபோன பிறகு அவன் எதையும் பிரிப்பதில்லை. தபால்தலையைப் பார்ப்பான், உறையைப் பெட்டியில் போடுவான். பிரித்த உறைக்கு மதிப்பு குறைவு என்பது தபால்தலை சேகரிப்பவர்கள் கட்சி. மின்சாரக் கட்டணத்துக்கு வந்த எச்சரிக்கைகளும் அப்படித்தான் பெட்டிக்குப் போயின. லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கினபோது, "ஆமை ஒட்டியிருந்துதுங்க, அதான் பிரிக்கலை," என்று விளக்கினான். லைன்மேன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஃபியூஸோடு போய்விட்டார்.

அவன் சேர்ப்பது பெரிய மனிதர் படம் போட்ட சிறப்புத் தலைகளை அல்ல. அன்றாடத் தபாலுக்கு வருஷக்கணக்காக அச்சிட்டுத் தள்ளுகிற ஆமை, மான், மீன்கொத்தி. மற்றவர்களுக்கு எல்லா ஆமையும் ஒரே ஆமை. அவனுக்கு ஒன்றில் பச்சை தூக்கல், ஒன்றில் ஓரத்துளை நெருக்கம், ஒன்றில் பின்பக்கக் கோந்து மஞ்சள்.

அன்று வந்த உறையைப் பார்த்தவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மீன்கொத்திக்கு முதுகு இல்லை. அலகு இருந்தது. ஆரஞ்சு வயிறு இருந்தது. தலையும் இறக்கையும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. அவசரத்தில் மற்றதையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வயிறு மட்டும் கிளைக்கு வந்த மாதிரி.

பல் பார்க்கும் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தான். வெயிலில் வெளுத்திருந்தால் எங்காவது ஒரு நீலப் புள்ளி தங்கியிருக்கும். ஒன்றுகூட இல்லை. அச்சில் நீலமே விழவில்லை. உறையில் அனுப்பியவர் முகவரி இல்லை. அதை அவன் கவனிக்கவும் இல்லை. முத்திரையைத்தான் பார்த்தான். தெருக்கோடித் தபால் நிலையம்.

அப்படியென்றால் இதைக் கிழித்தெடுத்த தாளின் மிச்சம் அங்கேதான் இருக்கிறது. இந்த நிமிஷம் யாராவது அதில் ஒன்றைக் கிழித்து, நாக்கால் நக்கி, வாடகை நோட்டீஸில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

உறையையும் லென்ஸையும் சட்டைப் பையில் வைத்தான். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்ததால் பை உள்பக்கம் இருந்தது. அப்படியே ஓடினான்.

தபால்தலை விற்பது இரண்டாம் ஜன்னலில். அங்கே இருக்கிற பெண்ணுக்கு அவனை நன்றாகத் தெரியும். தலை நிமிராமலே கேட்டாள்.

"வாங்க. கரண்ட் ஆபீஸ் கடுதாசியையாவது பிரிச்சீங்களா, இல்ல இன்னும் இருட்டுலதான் இருக்கீங்களா?"

"ஃபியூஸ் வந்துடுச்சுங்க. மீன்கொத்தி ஒரு தாள் வேணும்."

"முழுத் தாளா? எப்பவும் ரெண்டுதானே வாங்குவீங்க."

காரணத்தைச் சொல்ல முடியாது. பிழை என்று தெரிந்தால் தாளை முடக்கிவிடுவார்கள்.

"கல்யாணப் பத்திரிகை அனுப்பணும்," என்றான்.

"யாருக்குக் கல்யாணம்?"

பின்னால் வரிசை நெருக்கியது. யோசிக்க விடவில்லை. "எனக்குத்தான்."

அவள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எல்லா மீன்கொத்திக்கும் முதுகு இருந்தது. பளபளவென்று.

"வேற தாள் இருக்குமா?"

"இதுக்கு என்ன குறை?"

"நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. பொண்ணுக்கு நீலம் ஆகாது."

"அப்ப ஆமை வாங்கிக்குங்க. பச்சை."

"இல்லைங்க, மீன்கொத்தின்னா அவளுக்கு உயிர். நீலம்தான் ஆகாது."

"மீன்கொத்தியில நீலத்தை எடுத்துட்டா மிச்சம் என்னங்க இருக்கும்?"

"வயிறு இருக்குமே."

அவள் எதையோ தேடுகிற மாதிரி மேசைக்கடியில் குனிந்தாள். நிமிர நேரமாயிற்று. நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி," என்றாள்.

"ஏன் மாப்ளே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

திரும்பினான். வரிசையில் அவனுக்கு நேர் பின்னால் அக்காவின் புருஷன் நின்றிருந்தார், மணியார்டர் கட்ட. "மாமா, அது வந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் அவர் வாசல்படி தாண்டிவிட்டார். மணியார்டரை மறந்துவிட்டார். செருப்பையும் பாதிதான் மாட்டியிருந்தார்.

இரண்டாம் தாள் வந்தது. நீலம். மூன்றாவதும் நீலம். அவன் பர்ஸ் காலி. முதுகுள்ள மீன்கொத்திகள் கைநிறைய இருந்தன.

வாங்க வழியில்லை, பார்க்கவாவது வழி வேண்டுமே. கோந்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"குடுங்க, நான் ஒட்டித் தரேன்," என்று ஒரு அம்மாவிடம் கேட்டான்.

"புண்ணியமாப் போகும் தம்பி," என்று அந்த அம்மா ஒரு கட்டு உறைகளைக் கையில் திணித்தார். அவன் ஒவ்வொரு தபால்தலையையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டினான்.

"என்ன தம்பி, கிருமி தேடறீங்களா?"

"இல்லம்மா, நீலம் இருக்கான்னு பாக்கறேன்."

அடுத்து ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் நாலு பேர். ஒருவர் பார்சலுக்குச் சணல் கட்டச் சொன்னார். இன்னொருவர் பென்ஷன் ஏன் வரவில்லை என்று அதட்டினார். வரிசை ஜன்னலை விட்டுவிட்டு அவன் முன்னால் நீண்டது. முதல் ஜன்னல் ஆசாமி கழுத்தை நீட்டி, "புது ஆளா? யூனியன்ல சேர்ந்தாச்சா?" என்று விசாரித்தார்.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். மூச்சிரைத்துக்கொண்டு பின்னால் மாமா.

"யாருடா பொண்ணு?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்க்கா."

"நீலம் ஆகாதாமே. என்கிட்ட இருக்கற நல்ல புடவை பூரா நீலம். இப்ப நான் எதைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறது?"

"பொண்ணே இல்லக்கா."

"பொண்ணு இல்லாம எவன்டா பத்திரிகை அனுப்புவான்? சொல்லுடா. யாரா இருந்தாலும் எனக்குச் சம்மதம்." திருப்பிப் போட்டிருந்த அவன் சட்டையின் காலரைச் சரிசெய்தாள். "உன் வீட்டு அடுப்புல ஒத்தை டம்ளர் பாலைப் பார்த்துட்டு எத்தனை நாள்டா நானும் திரும்பிப் போவேன்."

இதற்குமேல் பொய்யை இழுக்க அவனால் முடியவில்லை. சட்டைக்குள் கைவிட்டு உறையை எடுத்தான்.

"இந்தக் குருவிக்கு முதுகு இல்லக்கா," என்று அவள் காதருகே சொன்னான். "உலகத்துல யாருக்கும் தெரியாது. இதோட மிச்சத் தாளைத்தான் தேடறேன். சத்தம் போடாத."

அக்கா உறையை வாங்கிப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவளுக்குச் சின்னக் குரல் கிடையாது.

"முதுகில்லாத குருவிக்காடா என்னை அடுப்பை அணைச்சுட்டு ஓடி வர வச்ச?"

தபால் நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முத்திரை குத்துகிற சத்தம்கூட நின்றுவிட்டது. ரகசியம் போயிற்று.

"நீலம் விழாத தாளா?" என்றாள் இரண்டாம் ஜன்னல் பெண், சாதாரணமாக. "அது முந்தாநாள் வந்துது. கெட்டுப்போனதுன்னு அன்னிக்கே மேலிடத்துக்குத் திருப்பி அனுப்பியாச்சு. அரைச்சுடுவாங்க."

"முழுசாவா?"

"ஒண்ணு மட்டும் அதுக்குள்ள வித்துப்போச்சு."

"யாருக்கு?"

அவள் முத்திரையைக் கையில் எடுத்து, மையில் ஒற்றி, எதன்மேலும் குத்தாமல் வைத்திருந்தாள்.

அப்படியானால் ஒன்றே ஒன்றுதான். பிரிக்காத உறையில், முத்திரையோடு, பூமியிலேயே ஒன்று. அது அவனுடையது. அவன் கையில் இருக்கிறது.

கையில் இல்லை. அக்காவிடம் இருந்தது.

"ஊரைக் கூட்டற அளவுக்கு இதுக்குள்ள என்னதான்டா இருக்கு? எவன் போட்டான் இதை?" அக்கா உறையை முன்னும் பின்னும் திருப்பினாள். பெயர் இல்லை. கொண்டையிலிருந்து ஊசியை உருவி, ஒட்டின மடிப்புக்கடியில் நுழைத்தாள்.

அவன் உறைக்குக் கை நீட்டினான். அக்கா தட்டிவிட்டாள். வரிசை மொத்தமும் முன்னால் சாய்ந்தது.

இரண்டாம் ஜன்னல் பெண் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவளுக்குக் கால் இருப்பதையே அவன் அன்றுதான் பார்த்தான். நேராக வந்து அக்காவின் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

இதற்குப் பிறகு நடந்ததை மாமா எத்தனையோ விதமாகச் சொல்லியாயிற்று. ஒரு தடவை அந்தப் பெண் அழுதாள் என்றார். ஒரு தடவை அக்கா காலில் விழுந்தாள் என்றார். அவள் உண்மையில் சொன்னது இவ்வளவுதான்:

"பிரிக்காதீங்கக்கா. உள்ள நான் ஒண்ணுமே வைக்கல. இவர் பிரிக்க மாட்டார்னுதான் எனக்குத் தெரியுமே."