பழையபடிக்காரர்

வாசகர்களே, மனித குலத்தில் பழையபடிக்காரர் என்று ஒரு வகை உண்டு. ஆபத்துக் காலத்தில் இவரைக் காண முடியாது. ஆபத்து விலகி, மாற்று ஏற்பாடு ஒன்று செவ்வனே நடந்து, சனங்கள் அதற்குப் பழகி, யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று ஆன பிறகு, சலவைச் சட்டையோடு வந்து இறங்குவார். சுற்றும் முற்றும் பார்ப்பார். "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா பழையபடி ஆவணுமே" என்பார்.

தொல்லை அங்கே தொடங்கும்.

பாலம் இடிந்து மாற்றுப் பாதை போட்டால், இடிந்த பாலத்தின் முனையில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பவர் இவர். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வீடு திரும்பியதும், மாத்திரையைக்கூட விழுங்காமல், தாம் இல்லாதபோது நகர்ந்துவிட்ட நாற்காலியை முதலில் நகர்த்துபவரும் இவரே. "நீங்க இல்லாதப்ப இன்னது நடந்துதுங்க" என்று இவரிடம் சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் அப்புறம்" என்பார். அந்த அப்புறம் என்றைக்காவது வந்ததாக எந்தக் கோப்பிலும் ஆதாரம் இல்லை.

இந்த வகையின் சுத்தமான மாதிரியைக் காண விரும்புவோர் மரக்காணத்துக்கு வரலாம். காசிலிங்கம் என்று பெயர். மீனவர் சங்கச் செயலாளர். உப்பளத்தை ஒட்டி நிற்கும் சங்கக் கட்டடத்தில் ஒரு சர்வர் உண்டு. அதன் வேலை எளிது, ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்டது. படகு புறப்படும்போது ஒரு போன் வரும்; 'கடலில்' என்று குறித்துக்கொள்ளும். திரும்பியதும் இன்னொரு போன். 'கரையில்' என்று மாற்றிக்கொள்ளும். காற்று மாறுவதாக எச்சரிக்கை வந்தால், கடலில் இருக்கும் ஒவ்வொருவரையும் தானே அழைத்துத் திரும்பச் சொல்லும். இதற்கே ஏதேனும் நேர்ந்தால் என்ன செய்வது என்று யோசித்த புண்ணியவான் யாரோ, கடல் எட்டாத கிளியனூரில் ஒரு மாடி அறையில் இன்னொரு சர்வரை வைத்து, இங்கே பதிவதெல்லாம் அங்கேயும் பதியும்படி செய்திருந்தார். இது முதன்மை, அது துணை. துணையைப் பார்த்துக்கொள்பவள் அனுமந்தை ஊர்ப் பெண் ஜெயப்ரியா.

புயல் வந்தது. படகுகள் முன்னதாகவே கரையேறிவிட்டன. முதன்மை அத்தனை படகுக்கும் நேராகக் 'கரையில்' என்று எழுதி முடித்தது. அதுதான் அது எழுதிய கடைசி வரி. கடலும் உப்பங்கழியும் ஒன்றாகி, உப்புத் தண்ணீர் சங்கத்துக்குள் இடுப்பளவு நின்றது. அந்த நிமிடமே கிளியனூர் பொறுப்பை ஏற்றது. நமது செயலாளர்? திண்டிவனத்தில் மகள் வீட்டுச் சோபாவில் அமர்ந்து, அதே புயலைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதங்கள் ஓடின. கிளியனூரின் கணக்கில் ஒரு படகும் தவறவில்லை. இதற்காக யாரேனும் ஜெயப்ரியாவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னார்களா என்று கேட்காதீர்கள். காசிலிங்கத்துக்கோ தூக்கம் போயிற்று. "துணைன்னு பேர வச்சிக்கினு அதுவே எல்லாத்தையும் பண்ணிக்கினா, அப்புறம் நமக்கு இன்னா மரியாத?" என்று கேட்டார். 'நமக்கு' என்பதில் தம்மையும் மூழ்கிப்போன சர்வரையும் சேர்த்துக்கொண்டார்.

மூழ்கிய சர்வர் பழுதுபார்க்கப் புதுச்சேரிக்குப் போயிற்று. உள்ளே மின்சுற்றுப் பலகையில், உப்பளப் பாத்தியில் பூப்பதுபோலவே உப்புப் பூத்திருந்ததாம். கழுவினார்கள், உலர்த்தினார்கள், போனதை மாற்றினார்கள். நினைவு மட்டும் ஒரு பொட்டும் கெடாமல் பிழைத்துவிட்டது. வினையே அதுதான். சர்வர் மாலையும் குங்குமமுமாக ஊர் திரும்பியது. பஞ்சாங்கம் பார்த்து, காலை ஒன்பது மணிக்குமேல் நல்ல நேரம் என்று குறித்தாயிற்று.

ஜெயப்ரியா போனில் சொன்னாள்: "சார், எடுத்ததும் அத முதன்மை ஆக்காதீங்க. முதல்ல எங்களுக்குத் துணையா வைங்க. புயலுக்கப்புறம் இங்க பதிஞ்சதெல்லாம் அதுல ஏறட்டும். ரெண்டும் ஒண்ணையே சொல்லுதான்னு பார்த்துட்டு மாத்திக்கலாம்."

"ஏம்மா, நம்ம சர்வரு கிளியனூரு சர்வருகிட்ட பாடம் படிக்கணுமா? மாப்பிள்ளையத் தோழன் பின்னாடி உக்கார வைப்பியா நீ?"

"மாப்பிள்ள ரொம்ப நாளா மயக்கத்துல இருந்தாரு சார். இன்னைக்கு இன்னா தேதின்னாவது சொல்லிக் குடுத்துட்டு மணவறைக்கு அனுப்பலாமே. ஏறி முடிக்க இன்னைக்குப் பொழுது ஆவும், அவ்ளோதான்."

"பொழுது ஆனா நல்ல நேரம் போயிடும்மா!"

இதற்கு எந்தப் பொறியியல் நூலிலும் பதில் இல்லை. உத்தரவை எழுத்தில் கேட்டாள். பெருமையோடு எழுதி அனுப்பினார்: கிளியனூருக்கு வரும் அழைப்புகளை மரக்காணத்துக்கு மாற்றவும். அவள் அதை இரண்டு முறை படித்தாள். அழைப்புகளை மாற்றச் சொல்லியிருந்தது. சர்வரை அணைக்கச் சொல்லவில்லை. எழுதியபடியே செய்தாள்.

தேங்காய் உடைந்தது. திரை ஒளிர்ந்தது. விடியுமுன் கிளியனூரில் பதிந்துவிட்டுப் போன படகுகள் அந்நேரம் நடுக்கடலில் வலை வீசிக்கொண்டிருந்தன. முதன்மைக்கு அது எப்படித் தெரியும்? அதன் உலகம் புயலுக்கு முந்தைய மாலையிலேயே நின்றிருந்தது. 'கடலில் படகு எதுவும் இல்லை' என்று பெரிய எழுத்தில் அறிவித்தது. புயலில் இரண்டாகப் பிளந்து இப்போது கோழிக்கூடாக இருக்கும் படகுகூட அதில் முழுசாகக் கரையில் நின்றது. காசிலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது. எல்லாம் பழையபடி!

மதியம் எச்சரிக்கை வந்தது, இப்போது மரக்காணத்துக்கு மட்டும்: தென்கிழக்கே காற்று திரும்புகிறது. முதன்மை தன் பட்டியலைப் பார்த்தது, அழைக்க ஒருவரும் இல்லை என்று கண்டது, கடமை முடிந்ததென்று ஓய்ந்தது. செயலாளரும் சாப்பாட்டு இலை முன் அமர்ந்தார்.

வாசலில் தையல்நாயகி வந்து நின்றாள். அவள் கணவன் கார்த்திகேசன் கடலில் இருந்தான். "செயலாளரே, மானம் கறுத்துக்கினு வருது. எங்க வூட்டுக்காரருக்குச் சேதி போச்சா இல்லியா?"

காசிலிங்கம் திரையைப் பார்த்தார். "உங்க படகு கரையிலதாம்மா இருக்குது."

"எந்தக் கரையில?"

"நம்ம கரையிலதான். கம்ப்யூட்டரு சொல்லுது பாரு."

"அப்போ அந்தக் கம்ப்யூட்டர்லேந்து அவர எறங்கி வரச் சொல்லு. சோறு ஆறிப் போவுது!"

"ஏம்மா, சும்மா கத்தாத. மிஷினு பொய் சொல்லுமா?"

சன்னலுக்கு வெளியே கடற்கரை படகில்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது. எட்டிப் பார்க்க நான்கு அடி எடுத்து வைத்தால் போதும். வைத்தாரா? பழையபடிக்காரர் சன்னலைப் பார்ப்பதில்லை, வாசகர்களே. திரையைத்தான் மறுபடி ஒருமுறை பார்த்தார். அதில் படகு இன்னும் கரையிலேயே இருந்தது.

தையல்நாயகி அவரை விட்டுவிட்டுக் கிளியனூருக்குப் போன் போட்டாள். "ஏண்டி ஜெயா, உன் பெட்டிக்கு உசுரு இருக்குதா?"

"இருக்குதுக்கா. அணைக்கச் சொல்லி எழுதலியே."

"எங்காளு எங்க இருக்காருன்னு சொல்லுது?"

"கடல்லதான்க்கா. காலையில போனவங்க யாருமே இன்னும் திரும்பல. வைக்கா, நான் கூப்புடுறேன்."

தன் கைபேசியிலிருந்தே ஒவ்வொரு படகாக அழைத்தாள். சிக்னல் எட்டாதவர்களுக்குப் பக்கத்துப் படகின் வயர்லெஸ் வழியாகச் செய்தி போயிற்று. காற்று கரையைத் தொட்டபோது கடைசிப் படகு மணலில் ஏறிக்கொண்டிருந்தது. வலையைக் கடலிலேயே அறுத்துவிட்டு வந்து இறங்கினான் கார்த்திகேசன். பழக்கப்படி சங்கத்துக்குப் போன் செய்து, "கரைக்கு வந்துட்டோம்" என்றான்.

முதன்மை பதில் சொன்னது: 'உங்கள் படகு ஏற்கெனவே கரையில் உள்ளது.'

காசிலிங்கம் துள்ளி எழுந்தார். தையல்நாயகி பக்கம் திரும்பினார். "பார்த்தியாம்மா? நான் அப்பவே இன்னா சொன்னேன்?"

அவள் உள்ளே வந்தாள், மாலையை ஒதுக்கினாள், பிளக்கைப் பிடுங்கினாள், போனாள்.

மறுநாள் இரண்டு காரியங்கள் நடந்தன. துணைக்குப் பொறுப்பானவர் தம் எல்லையை மீறிப் படகுகளை அழைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு ஜெயப்ரியாவுக்கு ஒரு கடிதம் போயிற்று. அவள் அவருடைய உத்தரவின் நகலையே பதிலாக அனுப்பினாள்; படகுகளை அழைக்கக் கூடாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. படகுக்காரர் வீட்டுப் பெண்கள் திரண்டு வந்து, கிளியனூரே முதன்மை என்று சங்கத்தை எழுத வைத்தார்கள். மரக்காணத்து சர்வர் இப்போது துணையாக இருந்து, விட்டுப்போனதையெல்லாம் வரிவரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. இயந்திரம் அல்லவா, அதற்கு வெட்கமில்லை. அதன்மேல் மாட்டியிருந்த 'முதன்மை' என்ற பலகையை மட்டும் செயலாளர் கழற்ற விடவில்லை. தினமும் துடைக்கிறார். அடுத்த நல்ல நேரம் தை மாதத்தில் வருகிறதாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நீங்களும் என்றைக்காவது வெளியூர் போவீர்கள். நான்கு நாள் கழித்துத் திரும்புவீர்கள். செருப்பைக் கழற்றியதும், இடம் மாறிய சர்க்கரை டப்பாவை நோக்கி உங்கள் கை நீளும். எடுத்து வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்: நான் இல்லாதபோது யாரெல்லாம் கடலுக்குப் போனீர்கள்?