ஒரே ஊதலில் அரைநாள் லீவு

பட்டாளத்தில் இருந்தவன் என்று தெரிந்ததும் போடியில் எல்லோரும் கேட்பது, "எத்தன பேரச் சுட்டீக?" என்றுதான். நான் பதில் சொல்லாமல் மலையைப் பார்ப்பேன். பாவம், பழைய ரத்தமெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று மரியாதையாக விலகிவிடுவார்கள். (நான் வாழ்க்கையில் சுட்டது அப்பளம் மட்டும்தான்.)

ராணுவ பேண்டில் யூபோனியம் வாசித்தவன் நான். பிள்ளையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டது மாதிரி பிடித்து ஊதும் பெரிய பித்தளை வாத்தியம். சேர்ந்த புதிதில் பேண்டு மாஸ்டர் என் உதட்டைப் பார்த்தார், துப்பாக்கியைப் பிடுங்கி இதைக் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் தடித்த உதடு ஒரு தகுதி.

எழுபதுகளின் கடைசியில், ரெஜிமெண்ட் விழாவில் தனியாக வாசிக்கும் பெருமை முதன்முறையாக எனக்குக் கிடைத்தது. உச்சியில் ஒரு சுரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் உடைந்தது. லீவில் பழகிக்கொள்கிறேன் என்று மாஸ்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாத்தியத்தை ஊருக்குத் தூக்கி வந்தேன். போடி பஸ் நிலையத்தில் பெட்டியைப் பார்த்தவர்கள், "உள்ள பீரங்கியா?" என்றார்கள். நான் மறுக்கவில்லை.

வீட்டில் முதல் நாள் ஊதியதும் பக்கத்து வீட்டுக்காரர் அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்தார்.

"எரும ஈனுதா? கன்னு தல வந்துருச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். "அக்கா வீட்டுக்குப் போயி ஊது. மலையில யானைதான் இருக்கு. அது கேட்டுக்கிரும்."

அக்கா புருஷன் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசர். காய் எடுப்பு மும்முரமான சமயம். ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு கிழவியின் மடியில் பாதியும் என் மடியில் பாதியுமாக யூபோனியத்தை வைத்து வளைவுகளில் உருண்டு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஆகியும் ஒரே மூடுபனி. கை நீட்டினால் விரல் தெரியவில்லை. தோட்டத்துக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நின்றேன். முதலில் கனமான சுரம் ஒன்றைப் பிடித்து மூச்சு முடிகிற வரை நீட்ட வேண்டும் என்பது மாஸ்டர் கட்டளை. கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். மலை முழுக்க எதிரொலித்தது. அடடா, இதுவல்லவா அரங்கம் என்று இன்னும் இரண்டு தடவை நீட்டினேன்.

கண்ணைத் திறந்தால் பனிக்குள்ளிருந்து பெண்கள் சாரைசாரையாக வந்துகொண்டிருந்தார்கள். சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் காய்க்கூடையோடு. எனக்குப் புல்லரித்துவிட்டது. என் இசை அவர்களைக் கட்டி இழுத்துவிட்டது! தலையை லேசாகச் சாய்த்து வணக்கம்கூடச் சொன்னேன். யாரும் நிற்கவில்லை. என்னைத் தாண்டி, காய் நிறுக்கும் கொட்டகைக்குப் போய் வரிசையில் நின்றார்கள்.

பின்னாலேயே மச்சான் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"எந்த நாய்டா கொம்பு ஊதுனது?"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சாயங்காலம் வேலை முடிந்தால் காவல்காரர் ஒரு பித்தளைக் கொம்பை ஊதுவார். அதே சத்தம். சூரியனே தெரியாத பனியில் அவர்களுக்குக் கொம்புதான் கடிகாரம்.

"மாப்ளே, பழுத்த காயெல்லாம் செடியிலேயே வெடிச்சுரும். மேனேஜர் வந்தா என் சோலி போயிரும்டா!"

மச்சான் கொட்டகைக்கு ஓடினார். நானும் யூபோனியத்தோடு ஓடினேன். பெண்களுக்குத் தலைவி மாதிரி பேச்சியம்மா என்று ஒருத்தி.

"ஆத்தா, அது கொம்பு இல்ல. எம் மச்சினன் பட்டாளத்து வாத்தியம். எல்லாரும் திரும்பிப் போங்க."

"கொம்பு ஊதுனா வேல முடிஞ்சது. நீங்க போட்ட சட்டந்தான?" என்றாள் பேச்சியம்மா.

இருவரும் வாதாடி முடிக்கட்டும் என்று யூபோனியத்தை ஈரப்புல்லில் வைத்தேன். அதுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம். கடைசியில் பேச்சியம்மாவே தீர்ப்பு சொன்னாள்.

"வாத்தியமின்னா பாட்டு வரணும். அண்ணே ஊதட்டும். பாட்டு வந்தா தோட்டத்துக்குப் போறோம். வெறும் சத்தம் வந்தா அது கொம்பு. வீட்டுக்குப் போறோம்."

மச்சானின் வேலை என் உதட்டில் தொங்கியது. ராணுவ மிடுக்கோடு வாத்தியத்தை எடுத்து வாயில் வைத்தேன். உதட்டில் ஏதோ சில்லென்றது. அப்புறம் சுருக்கென்றது. ஊதுவாய்க்குள் ஏறியிருந்த அட்டைப்பூச்சி என் தகுதியைக் கவ்விப் பிடித்துவிட்டது.

அலறல் அப்படியே குழலுக்குள் போயிற்று. "பாஆஆஆம்!"

"கொம்பேதான்" என்றாள் பேச்சியம்மா. கூடைகளைக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜரின் ஜீப்பு வந்து நின்றது. ஊர்வலமாக வீட்டுக்குப் போகும் பெண்கள், தலையில் கை வைத்த சூப்பர்வைசர், வாயெல்லாம் ரத்தத்தோடு பித்தளையைக் கட்டிப்பிடித்திருக்கும் ஒருவன். மலையாளியான மேனேஜர் மூன்றையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எந்தா இவிடே? யுத்தமோ?"

மச்சான் அழாத குறையாக நடந்ததைச் சொன்னார். மேனேஜர் சிரிக்கவில்லை. மச்சானின் வேலையை விட்டுவைத்தார். ஆனால் என் லீவு முடியும் வரை நான் கூலி இல்லாமல் காய் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது, தூரில் தரையோடு காய்க்கும் என்பதை என் முதுகெலும்பு தெரிந்துகொண்டது. பேச்சியம்மா பின்னாலேயே வந்து, "வெரசா எடுங்கண்ணே, பட்டாளத்துல இப்பிடித்தான் குனிவீகளா?" என்று விரட்டினாள். வீங்கிய உதட்டோடு பதில்கூடச் சொல்ல முடியவில்லை. ஊதுவது எங்கே?

பயந்துகொண்டே முகாமுக்குத் திரும்பினேன். அட்டை கடித்துத் தடித்ததில் உதட்டின் தகுதி கூடிவிட்டதோ என்னவோ, விழாவில் அந்த உச்சிச் சுரம் உடையாமல், வெண்ணெய் மாதிரி வந்தது. மாஸ்டர் என்னைத் தட்டிக்கொடுத்தார். "ஊர்ல ராப்பகலா பழகியிருக்க!" என்றார். மறுக்கவில்லை. எண்பதுகள் முழுக்க அந்தத் தனி வாசிப்பு எனக்கே கிடைத்தது. பெரிய அதிகாரிகளெல்லாம் எழுந்து நின்று கை தட்டியிருக்கிறார்கள்.

அதெல்லாம் போடிமெட்டுக்கு மேலே செல்லாது. அக்கா பிள்ளைகளுக்கு நான் இன்றைக்கும் 'அரைநாள் மாமா'தான். போன காய் எடுப்புக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, தோட்டத்தில் குனிந்திருந்த பேச்சியம்மாவின் மகள் என்னைப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மாமா, அந்த வாத்தியத்தக் கொண்டாரலையா? இடுப்பு கழண்டு போச்சு. ஒரேயொரு ஊது ஊதிவிடுங்களேன்."