சம்பந்தி தோளில் என் கன்னம்

ஐம்பத்தாறு வயதில் ஒரு பொம்பளைக்கு என்னென்னவோ வரும். மூட்டு வலி வரும், வெள்ளெழுத்து வரும், மருமகள் வருவாள். எனக்கு இந்த மூன்றோடு சேர்த்து முகப்பருவும் வந்தது. வெள்ளெழுத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. படிக்கத் தெரியாதவளுக்கு எழுத்து தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? ஆனால் பரு என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் பேத்தியை டைப் பண்ண உட்கார வைத்திருக்கிறேன்.

பதினாறு வயதில் எனக்குப் பரு வந்ததா என்று கேட்டால் தெரியாது. விடியும் முன்னே தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டப் போனவளுக்குக் கண்ணாடி பார்க்க ஏது நேரம்? வந்து போயிருந்தாலும் மரத்துக்குத்தான் தெரிந்திருக்கும்.

முதலில் மூட்டு. எனக்கு இருப்பது வயசானால் வரும் தேய்மானம் இல்லை. உடம்பே தன் மூட்டோடு சண்டை போடும் நோய் என்றார் டாக்டர். (ஒரே வீட்டுக்குள்ள சண்டை. எங்க கொழுந்தனாருங்க மாதிரி.) காலையில் எழுந்தால் விரலெல்லாம் வாழைப்பழச் சீப்பு மாதிரி விறைத்துக் கிடக்கும். சேலைக்கு ஊசி குத்தக்கூட எங்க வீட்டுக்காரர்தான் வரவேண்டும். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன மனுஷன், ஊசியைப் பிடிப்பதும் ஸ்டீரிங் பிடிக்கிற மாதிரிதான்.

அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். காலையில் பசியாறிய பிறகு சாப்பிட வேண்டும். எனக்கு அடையாளம் தெரிய, பாக்கெட் மேல் எங்க வீட்டுக்காரர் ஒரு சூரியன் வரைந்து கொடுத்தார். (பாத்தா பொரிச்ச முட்டை மாதிரி இருக்கும். சூரியன்னு அவர்தான் சொன்னாரு.) அந்தச் சூரிய மாத்திரை சாப்பிட்ட ஒரு வாரத்தில் விரல் மடங்கியது, தோசை திருப்பினேன், கொழுந்தனார் காதைக்கூடத் திருகலாம் போல இருந்தது. ஆனால் முகம் இட்லி மாதிரி உப்பிக்கொண்டது. அப்புறம் கன்னம், தாடை, நெற்றி எல்லா இடத்திலும் பரு.

இந்த நேரம் பார்த்து என் மகன் சரவணனுக்கு ரவாங்கில் பெண் அமைந்தது. பெண் பெயர் மலர். பரிசம் போட நாளும் குறித்தாகிவிட்டது. பரிசத்தன்று மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண் கழுத்தில் சங்கிலி போட வேண்டும்.

என் வியாதியைப் பெண் வீட்டில் நாங்கள் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு இடம் பார்த்தோம். அவர்கள் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, மேசை மேல் இருந்த என் மருந்துப் பையைப் பெண்ணின் அத்தை பார்த்துவிட்டு, “யாருக்கு இவ்வளவு மருந்து?” என்று கேட்டாள். எனக்கு என்றேன். அப்புறம் அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லை. மருமகளாக அனுப்பினால் நர்சாக்கிவிடுவோம் என்று பயந்துவிட்டார்கள். என்னால் மகனுக்கு ஒரு கல்யாணம் தட்டிப்போனது. இதுவும் போய்விடக்கூடாது என்று மருந்துப் பையை அரிசி டின்னுக்குள் ஒளித்தேன். ஆனால் முகத்தை எந்த டின்னில் ஒளிப்பது?

பரிசச் சாமான் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போனோம். எங்க வீட்டுக்காரர் பூக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரம் பக்கத்து மருந்துக் கடைக்குள் நுழைந்தேன். அங்கே தமிழ்ப் பெண் ஒருத்தி நின்றாள்.

“பருவுக்கு மருந்து வேணும்மா.”

“யாருக்கு ஆன்டி? மகளுக்கா?”

“எனக்குத்தான்.”

அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண். “வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?” என்று கேட்டாள்.

“சும்மா வைட்டமின் லா.” (வாயில புளுகு எப்படி வழுக்கிட்டு வருது பாருங்க.)

ஒரு கிரீம் டியூபை எடுத்தாள். “பட்டாணி அளவு போதும் ஆன்டி. படுக்கப் போகும்போது ஒரு தடவை. கொஞ்சம் எரியும், தோல் உரியும்.”

“இதைவிட வேகமா கேக்குற மாதிரி ஒண்ணும் இல்லையா?”

“மாத்திரை இருக்கு. அதை ஸ்கின் டாக்டர்தான் தரணும். ரத்தம் டெஸ்ட் பண்ணணும், உதடு வெடிக்கும், சில பேருக்கு மூட்டு வலிக்கும்.”

“மூட்டு வலியா? அது எனக்குச் சொந்தமாவே இருக்கும்மா!”

நினைத்துப் பாருங்கள். மூட்டுக்கு மருந்து சாப்பிட்டால் பரு வருமாம். பருவுக்கு மருந்து சாப்பிட்டால் மூட்டு வலிக்குமாம். டாக்டர்கள் எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பெண் கடைசியாகத் துணியைப் பற்றி என்னமோ சொன்னாள். எங்க வீட்டுக்காரர் வெளியில் என்னைத் தேடிக்கொண்டிருந்ததால், காதில் விழுந்தது மண்டைக்குள் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கையில் சூரிய மாத்திரையையும் மறு கையில் கிரீமையும் வைத்துக்கொண்டு, பாசாரில் காய் விற்கிறவள் தராசு மாதிரி உட்கார்ந்தேன். விரலா, முகமா? விரலை முந்தானைக்குள் மறைக்கலாம். முகத்தை மறைக்க முடியாது. அதனால் பரிசத்துக்கு ஐந்து நாள் முன்னால் மாத்திரையை நிறுத்தினேன். அந்த நாளில் என்னை விடப் பெரிய டாக்டர் கிள்ளானில் இல்லை.

கிரீமையும் பட்டாணி அளவா போட்டேன்? சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அடித்தேன். இரண்டாம் நாளே தோல் உரிந்தது. பரு மட்டும் அசையவில்லை. மூன்றாம் நாள் எங்க வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீல உறையில் திட்டுத்திட்டாக ஆரஞ்சு நிறம்.

“என்னடி இது?”

“நீங்க பரிசத்துக்குன்னு தலைக்கு அடிச்சீங்களே டை, அதுதான்.”

பாவம், தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். நாலாம் நாள் தேத்தண்ணி கிளாசை இரண்டு உள்ளங்கையாலும் தூக்கினேன். “கை வலிக்குதா?” என்றார். “ஸ்டைலுங்க” என்றேன்.

பரிசத்தன்று காலையில் கண்ணாடியைப் பார்த்தால், உப்பிய முகம், உரிந்த தோல், அதன் மேல் பரு. மிச்சமிருந்த கிரீமை மொத்தமாகப் பூசி, மேலே பவுடர் அடித்துக்கொண்டு ரவாங் போய் இறங்கினேன்.

“வாங்க சம்பந்தி, பசியாறிட்டீங்களா?” என்று மலரின் அம்மா ஓடி வந்தார். கத்தரிப்பூ நிறத்தில் புதுப்பட்டு. அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்லை.

தட்டெல்லாம் மாற்றினோம். மலரை மனையில் உட்கார வைத்தார்கள். சங்கிலியை என் கையில் கொடுத்தார்கள். அதன் கொக்கி எள்ளு அளவுதான் இருக்கும். எனக்கு இருந்ததோ பத்து வாழைப்பழம்.

முதல் தடவை சங்கிலி நழுவி வெற்றிலைத் தட்டில் விழுந்தது. கூடம் முழுக்க “அய்யய்யோ” என்றது. இரண்டாம் தடவை மலரின் சடையில் இருந்த மல்லிகையோடு சிக்கிக்கொண்டது. மூன்றாம் தடவை கொக்கி திறந்தது, ஆனால் என் விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. விரிக்கவும் முடியவில்லை, மேலே மடக்கவும் முடியவில்லை.

“மெதுவா போடுங்க அத்தை, அவசரம் இல்ல” என்று மலர் கிசுகிசுத்தாள்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் சத்தமாகக் கேட்டார். “என்னப்பா, மாப்பிள்ளை அம்மாவுக்கு இஷ்டம் இல்லையா?”

அவ்வளவுதான். சம்பந்தியின் முகம் மாறியது. சரவணன் என்னையே பார்த்தான். வியாதியை மறைத்ததால் கல்யாணம் நிற்காது என்று நினைத்தேன். மறைத்ததாலேயே நிற்கப் போகிறது! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சம்பந்தி தோளில் சாய்ந்து கன்னத்தைப் புதைத்து ஓவென்று அழுதேன்.

“இஷ்டம் இல்லாம இல்ல சம்பந்தி! என் விரல் நிமிரல. எனக்கு மூட்டு நோய். உங்ககிட்ட மறைச்சிட்டேன். பரு போகணும்னு மாத்திரையையும் நிறுத்திட்டேன். என் மகனை வேணாம்னு சொல்லிடாதீங்க!”

சம்பந்தி என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம் என் காதில் மெதுவாகச் சொன்னார். “என் பொண்ணுக்குச் சோறு வடிக்கவே தெரியாது. நானும் மறைச்சிட்டேன். சரிக்குச் சரி சம்பந்தி, அழுவாதீங்க.”

“அம்மா, கேக்குது” என்றாள் மலர்.

சம்பந்தி என் கை மேல் தன் கையை வைத்து அழுத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து கொக்கியை மாட்டினோம். அந்தப் பெரியவர்தான் முதலில் கை தட்டினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் மானத்தோடு கிள்ளான் திரும்பியிருப்பேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மலர் கேட்டாள். “அம்மா, தோள்ல என்ன?”

எல்லாரும் பார்த்தோம். அந்தக் கத்தரிப்பூப் பட்டில், தோள்பட்டை மேல், ஆரஞ்சு நிறத்தில் ஒரு முழுக் கன்னம், பாதி மூக்கு, கொஞ்சம் தாடை. பாஸ்போர்ட்டில்கூட என் முகம் அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை. கிரீம் பட்டால் துணியில் சாயம் வெளுத்துவிடும் என்று மருந்துக் கடைப் பெண் சொன்னது அப்போதுதான் என் மண்டைக்குள் ஏறியது.

“என்ன சம்பந்தி, கண்ணீரா அது, துணி வெளுக்கிற கிளாரக்ஸா?” என்றார் சம்பந்தி.

நான் பதில் சொல்வதற்குள் எங்க வீட்டுக்காரர் இலையிலிருந்து எழுந்து நின்று கத்தினார். “அப்போ தலையணையில இருந்தது என் டை இல்ல!”

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மலரும் கூட வந்து, டாக்டரிடம் ஒன்று விடாமல் போட்டுக்கொடுத்தாள். டாக்டர் சின்னச் சீனப் பெண். “ஜாங்கான் லா ஆன்டி, அப்படிச் செய்யாதீங்க!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்த மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் மயங்கிக்கூட விழலாமாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம். பரு வந்தால் வந்து சொல்லியிருக்கலாமே என்றாள். வேறு மருந்து சேர்த்து, சூரியனை மெல்ல மெல்லக் குறைத்தாள். பருவும் தானாகவே போனது. ஒரு வார்த்தை வாயைத் திறந்திருந்தால் ஒரு பட்டுச் சேலை பிழைத்திருக்கும்.

வேறு சேலை வாங்கித் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். சம்பந்தி கேட்கவில்லை. இன்றைக்கும் ரவாங் போனால், கேட்டைத் திறக்கும் முன்னே, “சம்பந்தி, முகம் கழுவிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் கட்டிப்பிடிப்பார். மலர் இப்போது சோறு வடிப்பாள். (குழையும். இதை டைப் பண்ணாதன்னு பேத்தி சொல்றா. பண்ணு.)

பேத்தி பிறந்தபோது சம்பந்தி அந்தப் பட்டைத்தான் கொண்டு வந்து தொட்டில் கட்டினார். கன்னம் விழுந்த இடம் சரியாகப் பிள்ளையின் முகத்துக்கு நேராக வந்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினாலு வயது. போன மாதம் முதல் பரு வந்து, கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். நான் டாக்டரிடம் போகலாம் என்றேன், மலர் வெள்ளைத் துண்டு எடுத்து வைத்தாள். சம்பந்தி மட்டும் பேத்தியின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பிறந்ததுலருந்து கிள்ளான் பாட்டி கன்னத்தையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா, வராம என்ன செய்யும்?”