கலண்டர்த் தலைவர்

தன் வீட்டுப் பிள்ளைப்பேற்றில் இனி எந்த அரசாங்கமும் தலையிடக் கூடாது என்று கொன்ஸ்ரன்ரைன் தீர்மானம் நிறைவேற்றியிருந்தார். முன்மொழிந்தவர் அவர். ஆமோதித்தவரும் அவர். மனைவி மாக்கிறட் அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பு இல்லை என்று பதியப்பட்டது.

தோட்டவெளிக் கிராமத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. மீனவர் சங்கத்தின் பழைய தலைவர். இழுவைப் படகுகளுக்கு எதிராக வீதியில் படுத்தவர். அமைச்சர்மார் பலருக்கு மகஜர் கொடுத்தவர். அவர்கள் அதை வாங்கினார்கள், சிரித்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். பின்னால் நின்ற கூட்டமும் வேறு தலைவர்களின் பின்னால் போய்விட்டது. அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு மிஞ்சியது அடுப்படிக் கலண்டர் ஒன்றுதான்.

மாக்கிறட் தன் மாதவிடாய் வந்த நாளைச் சொல்லுவாள். அவர் கணக்குப் போட்டு, பிள்ளை தங்கக்கூடிய நாட்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுவார். அந்த நாட்களில் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுவார். கருத்தடைக் குளிசை இல்லை, ஊசி இல்லை, பங்குச் சுவாமியாருக்கும் மனம் நோகாது. இதைப் பற்றி ‘ஒழுக்கமே உறுதியான தடுப்பு’ என்று ஒரு துண்டுப்பிரசுரமும் அடித்து ஊரெங்கும் கொடுத்தார். அதை நம்பிய கடைக்காரப் பெனடிக்றுக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஒழுக்கம் போதாது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

அவருடைய கடைசி மகன் லோறன்சும், தாய்க்கு நாற்பது கடந்த பிறகு, இதே கலண்டர் வழியாகத்தான் வந்து சேர்ந்தான். அது லீப் வருசத்தின் சதி. தலைவர் கணக்கைத் திருத்தினார். அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. ஆகவே முறை வென்றது.

மாக்கிறட்டுக்கு நாற்பத்தேழு வயதானபோது கலண்டர் கலகம் செய்யத் தொடங்கியது. ஒரு மாதம் இரண்டு தரம் வந்தது. அடுத்த மாதம் எட்டிப் பார்க்கவில்லை. கணக்குப் போட்டால் பெரிய வியாழனும் சிவப்பு, மடுத் திருவிழாவும் சிவப்பு. நத்தார்ப் பண்டிகை வரை வெள்ளை நாளே கிடையாது. பிறகு இரண்டு மாதமாக மாதவிடாய் வரவே இல்லை. பிள்ளை தங்கிவிட்டது என்றே கொன்ஸ்ரன்ரைன் முடிவுகட்டினார். மூத்த மகள் அடம்பனில் வயிற்றோடு இருக்கிறாள். தாயும் மகளும் ஒரே நேரத்தில் பெற்றால், பெனடிக்ற் அவருடைய பிரசுரத்தில்தான் கச்சான் கடலை சுற்றிக் கொடுப்பான்.

“இஞ்ச பார், மாக்கிறட். இது என்ன கோலம்?”

“என்னைக் கேட்டால்? கலண்டர் உங்கட. அதைக் கேளுங்கோ.”

“இந்த வயசில பிள்ளை தங்காது எண்டு பெனடிக்ற் சொல்லுறான்.”

“அவனோ சொல்லுறான்? நல்ல ஆள். தீட்டு முன்னப் பின்ன வாற காலத்திலயும் தங்குமாம். முழுசா நிக்கும் வரைக்கும் நம்பேலாதாம்.”

“ஆர் சொன்னது?”

“கிளினிக் மிஸ்.”

“நீ எப்ப கிளினிக்குக்குப் போனனீ?”

“பிறசர் பாக்க.”

“அப்ப இனி என்ன செய்யிறது?”

“தலைவர் நீங்கள். தீர்மானம் எடுங்கோ. எனக்கு அரிசி களையக் கிடக்கு.”

கொன்ஸ்ரன்ரைன் வெள்ளைச் சேட்டுப் போட்டார். பேச்சுவார்த்தைக்கென்று வைத்திருந்த சேட்டு. அந்தக் கிளினிக்கின் வாசலை இதுவரை மறியல் செய்யத்தான் கண்டிருந்தார்.

மருத்துவமாது றஞ்சிதம் மிஸ் முதலில் மாக்கிறட்டின் சிறுநீரைச் சோதித்தாள். “கர்ப்பம் இல்லை,” என்றாள். தலைவருக்கு முதுகு நிமிர்ந்தது. குரலும் திரும்பி வந்தது.

“இனிமேலும் தங்காமல் இருக்க என்ன வழி? ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கோ, மிஸ்.”

மிஸ் மாக்கிறட்டைப் பார்த்தாள்.

“சொல்லுங்கோ மிஸ். அவர் கேக்கட்டும்,” என்றாள் மாக்கிறட்.

“குளிசை இருக்கு. ஆனால் அக்காவுக்குப் பிறசர். வழமையாக் குடுக்கிற குளிசை சரிவராது.”

“இவளுக்கு ஏன் பிறசர்?”

“அதை நீங்கள் அவவிட்டத்தான் கேக்கவேணும்.”

“சரி, ஊசி?”

“போடலாம். இந்த வயசில எலும்பையும் யோசிச்சுத்தான் போடுவம்.”

“எலும்போ? நாங்கள் எதைப் பற்றிக் கதைக்கிறம்?”

“இதைப் பற்றித்தான் ஐயா. கைக்குள்ள வைக்கிற குச்சியும் இருக்கு. அதுக்குத் தீட்டு ஒழுங்கில்லாமல் வரும்.”

“இப்பவும் அப்பிடித்தானே வருது. அப்ப எது குச்சியால, எது வயசால எண்டு எப்பிடித் தெரியும்?”

“அதுதான் கரைச்சல்.”

“கலண்டர்?” என்றார் தலைவர், தாழ்ந்த குரலில்.

மிஸ் மேசைவிரிப்பை இழுத்து நேராக்கினாள். “தீட்டே சொல்லிக்கொண்டு வராத நேரம், எந்த நாளை நம்பி வட்டம் கீறுவீங்கள்? ஆணுறை பாவிக்கலாம். கடையிலயும் வாங்கலாம்.”

ஊரில் கடை என்றால் பெனடிக்றின் கடைதான். கொன்ஸ்ரன்ரைன் நெற்றியைத் துடைத்தார்.

“ஆம்பிளையளுக்கு ஒரு சின்ன ஒப்பரேசனும் இருக்கு,” என்றாள் மிஸ். “அண்டைக்கே வீட்டை போகலாம்.”

தலைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்தாள். எத்தனையோ மறியலில் முன்வரிசையில் நின்ற கால்கள் மேசைக்குக் கீழே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. தப்ப வழியில்லாத இடத்தில் ஒரு தலைவனுக்கு எஞ்சுவது தியாகம் மட்டுமே.

“சரி. எனக்குச் செய்யுங்கோ.”

“வேண்டாம் மிஸ்,” என்றாள் மாக்கிறட். “அவர் சொன்னதே போதும். எனக்குக் கருப்பையில வைச்ச லூப் இன்னும் கிடக்கலாமோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“நாற்பதுக்குப் பிறகு வைச்ச செப்பு லூப்தானே அக்கா. தீட்டு முழுசா நிண்டு கொஞ்சக் காலம் போகட்டும். பிறகு எடுப்பம். உங்களுக்கு அதுதான் நல்லது.”

கொன்ஸ்ரன்ரைனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் தரிப்பிடம் வரை நடந்தும் விளங்கவில்லை.

“லூப் எப்ப வைச்சது?”

“லோறன்ஸ் பிறந்த கையோட.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?”

“சொன்னால் அதுக்கும் ஒரு நோட்டீஸ் அடிப்பீங்கள்.”

அப்படியானால் வென்றது கலண்டர் இல்லை. திருத்திய கணக்கும் இல்லை. இந்தத் தோல்வியை அவர் மெல்ல விழுங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அடுத்த கேள்வி தொண்டையில் இடறியது.

“அப்ப சிவப்பு நாளுக்கு என்னை ஏன் விறாந்தைக்கு விட்டனீ? மார்கழிக் குளிருக்கையும் அங்கதானே கிடந்தனான்.”

மாக்கிறட் தூரத்தில் வந்த பஸ்சுக்குக் கை காட்டினாள்.

“அதுக்குத்தானே தீட்டு வந்த நாளைக் கூட்டிக் குறைச்சுச் சொன்னனான். எனக்கும் லீவு வேணும்தானே.”