உள்ளது உள்ளபடி

ஒளிப்படக் கலை தோன்றி நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும், ஒரு தெருவை 'உள்ளது உள்ளபடி' படம் பிடித்த மேதை உலகத்தில் ஒருவர்தான். அவர் பெயர் பட்டாபி. தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவராகத்தில் தாம் குடியிருக்கும் தெருவின் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் தலைவர். அமெரிக்காவிலிருந்து மகன் பிரணவ் ஒரு காமிரா அனுப்பினான். அது கைக்கு வந்த அன்றே, நவீன வாழ்க்கை பழைய தெருக்களை விழுங்கிக்கொண்டிருக்கும் உண்மை அவருக்குப் புலப்பட்டுவிட்டது.

1999-இல் 'அன்றாடத் தெரு' என்று ஒரு புகைப்படப் போட்டி அறிவித்தார்கள். பட்டாபி உடனே தெருவை அன்றாடமாக்கும் பணியில் இறங்கினார். ஸ்கூட்டர்கள் கொல்லைப்புறம் போயின. எஸ்டிடி பூத்தின் மஞ்சள் போர்டுக்கு வேட்டி கட்டினார்கள். நைட்டி அணிந்த மாமிகள் உள்ளே இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். பாக்கி நின்றது, தெருமுனை பாதாம் மரத்தடியில் மாடம்மாளின் இஸ்திரி வண்டி.

"மாடம்மா, ஒரு மணிக்கூர் பின்னாடி சந்துல தள்ளிக்கோ. அன்றாடத் தெருவை போட்டோ எடுக்கணும்."

"நான் அன்றாடம் இங்கனதான சாமி நிக்கேன்?"

"அதான் பிரச்சினை. நீ ரொம்ப அன்றாடமா இருக்கே."

அவள் தள்ளிக்கொண்டாள். ஓட்டு வீட்டை இடித்துத் தாம் கட்டிய மூன்று மாடி வீட்டின் உச்சியிலிருந்து பட்டாபி படம் எடுத்தார். அதனால் அந்த வீடு மட்டும் படத்தில் விழவில்லை. பெரிய கலைஞர்கள் தம்மை முன்னிறுத்திக்கொள்வதில்லை.

முதல் பரிசு! சங்கம் கூடி, 'தெரு இனி படத்தில் உள்ளபடியே இருக்கும். இல்லாதவை ஆக்கிரமிப்பு' என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. உறுப்பினர்களின் ஸ்கூட்டரும் போர்டும் 'தற்காலிகம்' என்பதால் மறுநாளே திரும்பிவிட்டன. மாடம்மாள் உறுப்பினர் இல்லை. சாக்கடை நாறும் சந்துக்கு யாரும் துணி கொண்டுவரவில்லை. பெட்டியில் கரி போடக்கூட வழியில்லாமல், அடுத்த கூட்டத்துக்கே அவள் வந்து நின்றாள்.

"சாமி, படத்துல இல்லாதது எல்லாம் போணும்னா, ஒங்க மாடி வீடும் இல்லியே. அதையும் சந்துக்குத் தள்ளணும்லா?"

பட்டாபியின் மனைவி விஜயம் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள், சிரிப்புத்தான். ஆனாலும் பட்டாபி கோப்பிலேயே தலை நரைத்தவர் அல்லவா?

"புதுசா ஒரு படம் எடுத்துடுவோம். எல்லா வீடும், எல்லா மனுஷாளும். அதுதான் இனிமே கணக்கு."

"நானும் வரலாமா சாமி?"

"நீ இல்லாம எப்படிம்மா? கட்டாயம் வந்துடு."

மாடம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் படத்துக்காகச் சனிக்கிழமை தெருவே துணி மூட்டையோடு சந்துக்குப் போனது. அவளுக்கு இடுப்பு ஒடிய வேலை.

ஞாயிறு காலை எல்லோரும் வீடுகளுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். நடுவில் பட்டாபி. மாடம்மாளும் எண்ணெய் வைத்துத் தலை வாரி, பாதாம் மரத்தடியில் வண்டியோடு வந்து நின்றாள். அப்போதுதான் ஒரு சிறு நிர்வாகச் சிக்கல் தெரிந்தது: எல்லோரும் நின்றால் பொத்தானை யார் அழுத்துவது?

பட்டாபி தயங்கவே இல்லை. அவ்வளவு விலையுள்ள காமிராவை ஓர் இஸ்திரிக்காரியின் கையில் கொடுத்தார். வழியை மறைத்த வண்டியைத் தாமே சந்துக்குத் தள்ளியும் விட்டார். ஸ்ரீவராகத்தில் சமத்துவம் அந்த அளவுக்கு முன்னேறியது.

படத்தைச் சங்க அறையில் மாட்டியிருக்கிறார்கள். தெருவில் உள்ள அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். ஒருவர் வேட்டியிலும் ஒரு சுருக்கம் கிடையாது.