அத்தை என்றழைத்தவன் தோற்ற படலம்

வாழ்க ராமக்காள்! இண்டூருக்கு மேற்கே ஓர் ஏக்கர் மல்பெரித் தோட்டத்தைத் தன் ஒரு குடைக்கீழ் ஆள்பவள். பட்டுப்புழு மனையின் தனிப்பெருந்தலைவி. மாது என்னும் மௌன மாமுனிவரின் இல்லறத்துணை. கல்யாணத் தரகர் பலரைக் குறுக்குக் கேள்விகளால் வாசலிலேயே வியர்க்கவைத்து, கொடுத்த காபியைக்கூடக் குடிக்க மறந்து ஓடவைத்த வினாவேந்தி. அவள் புகழைப் பாடத் துணிந்த நமக்கு நாவில் வலு வேண்டும். அலைபேசிக் கோபுரங்களின் உச்சியில் குடியிருக்கும் தேவதைகளே, இந்தக் கதை முடியும்வரை சிக்னல் தந்து காத்தருளுங்கள்.

அவ்வீராங்கனையின் வினாத்திறம் பிறவியில் வந்ததன்று, பட்டு வந்தது. மகள் பிரியங்காவுக்கு முன்னொரு காலம் ஒரு வரன் அமைந்தது. ஓசூர்க் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றார்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருந்தான். வெற்றிலை பாக்கு மாற்றும் நாளும் வந்தது. அந்தக் கடைசிக் கணத்தில் ராமக்காள் சமையற்கட்டுக்குள் புகுந்து, மாப்பிள்ளையைப் பெற்றவளிடம், பையனுக்கு என்ன வேலை என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதைத்தாங்க நாங்களும் அவனைக் கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றாள். அன்று பூண்டாள் ராமக்காள் ஒரு பெருவிரதம்: ஆண்மகன் எவனாயினும், அவன் அரசனே ஆயினும், பெற்ற தாய் வாயால் ஒரு வார்த்தை கேளாமல் அவனை நம்புவதில்லை.

இனி அவள் கருவூலத்தின் பெருமையைச் சொல்வோம். பருவந்தோறும் முட்டை வாங்கி, புழுவாக்கி, தழை வெட்டிப் போட்டு, வெயிலுக்கு நனைசாக்குத் தொங்கவிட்டு, எறும்புக்கும் பல்லிக்கும் காவல் நின்று, கூடு விற்ற பணத்தையெல்லாம் அவள் ஊர் வங்கிக் கிளையில் தன் பெயரில் போட்டு வைத்திருந்தாள். அது பிரியங்காவின் கல்யாணப் பணம். அதில் ஒரு ரூபாய் எடுத்து ஒரு புடவை வாங்கியதில்லை அவள். பல் வலித்தபோதுகூடக் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அந்தப் பணம் போனால் இன்னொரு முறை சேர்க்க அவளுக்கு உடம்பில் தெம்பு இல்லை. இதை மட்டும் நாம் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அக்கருவூலத்துக்கு ஆபத்து வரக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரிக்க வந்தாள் ஒரு தூதி. வங்கிக் கிளையின் அதிகாரி, காவியா என்னும் இளநங்கை, ரேஷன் கடை வாசலில் ஊரைக் கூட்டி, டீயும் பிஸ்கட்டும் வழங்கி, வங்கியின் பெயரைச் சொல்லி வரும் போலி அழைப்புகளைப் பற்றி மணிக்கணக்காக முழங்கினாள். முன்வரிசையில் கண்ணிமைக்காமல் அமர்ந்திருந்தாள் ராமக்காள். ஆனால் அந்தோ! அவள் கருத்தெல்லாம் வேறெங்கோ இருந்தது. இவ்வளவு நன்றாகப் பேசும் பெண்ணுக்குக் கல்யாணமாகாத அண்ணன் தம்பி யாராவது இருப்பார்களா என்பதே அவள் சிந்தை. அதைக் கேட்க வாய் திறப்பதற்குள் வங்கி ஜீப் புழுதி கிளப்பிப் போய்விட்டது. உபதேசமும் அதோடு போய்விட்டது.

போர் மூண்ட காலை இது. நாலாம் தோலுரிப்பு முடிந்து எழுந்த புழுக்கள் அகோரப் பசியோடு தழை தின்ன, மனையெங்கும் தூறல் விழுவது போன்ற ஓசை எழ, இடுப்பில் செருகிய பட்டன் போன் பேரிகையென ஒலித்தது. எதிர்முனையில் தோன்றினான் பகைவன். அவன் எந்த நாட்டான், எந்த ஊரான், யாருக்குத் தெரியும்? குரலில் மட்டும் ஏசி அறையின் குளிர்ச்சி.

"மேடம், நான் உங்க பிராஞ்சுக்குப் புதுசா வந்திருக்கற மேனேஜர் குமார் பேசறேன். உங்க ஏடிஎம் கார்டு இன்னைக்கு சாயங்காலத்தோட முடங்கிப் போகும். இப்பவே புதுப்பிக்கணும்."

அச்சம் என்னும் முதற்கணை நேராக வந்து தைத்தது. ராமக்காள் தழைக்கூடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அரிசிப் பானைக்குள்ளிருந்து அட்டையை எடுத்தாள். முன்பக்கத்துப் பதினாறு இலக்கங்களையும் பின்பக்கத்து மூன்று இலக்கங்களையும், தேர்வில் ஒப்பிக்கும் பிள்ளையைப்போல ஒன்றுவிடாமல் படித்துக் கொடுத்தாள். கோட்டையின் வெளிமதில் இடிந்தது, உள்மதில் இடிந்தது. இனி எஞ்சியது, அவள் போனுக்கே வந்து சேரும் ஆறிலக்க ரகசியம் ஒன்றுதான். அதையும் பெற்றுவிட்டால் கல்யாணப் பணம் கண்மூடித் திறப்பதற்குள் கடல் கடந்துவிடும்.

வந்தது அந்த ஆறிலக்கம், கிணுக்கென்ற மணியோசையோடு. தன்னை எவருக்கும் கொடுக்கவேண்டாம் என்ற எச்சரிக்கையைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ராமக்காள் எண்ணை மட்டும் பார்த்தாள்.

"நம்பரைச் சொல்லுங்க மேடம், சீக்கிரம்" என்றான் பகைவன்.

எண் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்நேரம் பார்த்து, எந்த ஊர்க்காரரிடமும் எந்தப் பேச்சுக்கும் முன்னால் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்றை இன்னும் கேட்கவில்லையே என்பது நினைவுக்கு வந்தது. மருந்துக் கடையிலும் கேட்பாள், பஸ் கண்டக்டரிடமும் கேட்பாள், சாமியாரிடமும் கேட்டிருக்கிறாள்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

வஞ்சகன் அகமகிழ்ந்தான். பக்கத்து ஊரைச் சொன்னால் நம்பிக்கை பெருகும் என்பது அவன் கற்ற கலையின் பாலபாடம். முன்னாலிருந்த திரையில் வரைபடத்தைத் தடவி, கண்ணில் பட்ட மொரப்பூர் என்னும் பெயரை எடுத்து வீசினான். அங்கேதான் அவன் கால் புதைகுழியில் பட்டது. மொரப்பூரில் ராமக்காளின் அக்காளைக் கட்டிக்கொடுத்து முடி நரைத்தாயிற்று. ஸ்டேஷன் பக்கமா என்றாள், ஆமாம் என்றான். அங்கே இட்லிக் கடை வைத்திருக்கும் வீரமணி சம்சாரத்தைத் தெரியுமா என்றாள்; தெரியாமலா, தினமும் அங்கேதான் சாப்பாடு என்றான். அவள்தான் என் கூடப்பிறந்த அக்காள் என்றாள். அந்த இடத்தில், வெற்றி கைக்கெட்டிய மிதப்பில், தன் தொழிலின் சாத்திரங்கள் எதிலும் சொல்லப்படாத, சொல்லக்கூடாத, ஒரு சொல்லை அவன் தேன் தடவி உதிர்த்தான்.

"அப்படீன்னா நீங்க எனக்கு அத்தை மாதிரி. சொல்லுங்க அத்தை, அந்த நம்பர் என்ன?"

அத்தை! அச்சொல் பட்டதும் பெண்ணைப் பெற்றவள் நெஞ்சில் மேளம் கொட்டியது, நாதசுரம் முழங்கியது. வங்கி மேனேஜர். மாதச் சம்பளம். மொரப்பூர், நல்லது கெட்டதுக்கு ஒரு பஸ் மாறினால் போதும். தானாக வாய்விட்டு அத்தை என்கிறான். கார்டாவது, முடங்குவதாவது! அட்டையைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகி மணையில் அமர்ந்தாள். தரகர்குலம் நடுங்கிய தன் ஆயுதசாலையின் கதவுகளை அகலத் திறந்தாள்.

கேள்வி மேல் கேள்வி புறப்பட்டது. வயசு என்ன, ராசி என்ன, நட்சத்திரம் என்ன, பாதம் எது, அப்பா பேர் என்ன, யார் வகையறா, கூடப்பிறந்தவர் எத்தனை பேர், அக்காமார்களைக் கட்டிக்கொடுத்தாயிற்றா, குலசாமி எது, சொந்த வீடா வாடகையா, பீடி சிகரெட் பழக்கம் உண்டா. பகைவன் முதலில் பொய்களைக் கேடயமாகப் பிடித்தான். அப்பா பேர் மாரப்பன் என்றான். எந்த மாரப்பன் என்றாள். லாரிக்கார மாரப்பன் என்றான். அவருக்கு எல்லாமே பெண்பிள்ளைகளாயிற்றே என்றாள். அது வேறு மாரப்பன் என்று பின்வாங்கினான். நட்சத்திரம் கேட்டபோது பக்கத்து நாற்காலிக்காரனைக் கேட்டுச் சொன்னான். இதற்குள் ஆறிலக்க ரகசியம் ஆயுள் முடிந்து, பயனற்றுச் செத்து வீழ்ந்தது.

ஊரெல்லாம் தகவல் கறந்தே பிழைத்தவன், தன்னிடமே தகவல் கறக்கப்படுவதை உணர்ந்தான். வெகுண்டான். இரண்டாம் ஆறிலக்கத்தை வரவழைத்தான். தேன்குரலை எறிந்துவிட்டு இடிக்குரல் பூண்டு, இந்த நிமிஷமே எண்ணைச் சொல்லாவிட்டால் கணக்கில் கிடக்கும் பணம் முழுவதும் அரசாங்கத்துக்குப் போய்விடும், போலீஸ் வீடு தேடி வரும், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று பிரகடனம் செய்தான்.

ராமக்காளுக்கு மல்பெரித் தோட்டமும், அரித்த பல்லும், மகளின் கழுத்தும் கண்முன் வந்து போயின. போனைக் காதிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, எண்ணைப் படிக்கத் தொடங்கினாள்.

"நாலு..." என்றாள். "ஒம்போது..."

போயின இரண்டு. மனையில் புழுக்கள் மட்டும் தின்றுகொண்டிருந்தன. இனி நான்கே நான்கு இலக்கம். மூன்றாவது இலக்கத்தில் விரலை வைத்தவளுக்கு, இரண்டு பேனா குத்தியிருந்த ஓசூர் மாப்பிள்ளையின் முகம் திடீரென்று தோன்றியது. அவனும் கடைசி நேரத்தில் இப்படித்தான் அவசரப்படுத்தினான். பூண்ட விரதம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"கொஞ்சம் இருங்க தம்பி. நீங்க பாக்கற வேலை உங்க ஆத்தாவுக்குத் தெரியுமுங்களா? போனை அவங்ககிட்டக் குடுங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

எதிர்முனையின் பின்னணியில் வேறு யார்யாரோ, வேறு யார்யாரையோ, மேடம் என்றும் சார் என்றும் அவசரப்படுத்தும் குரல்கள் கேட்டன. பெரிய வங்கிதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள் ராமக்காள்.

"அம்மாவை எதுக்குங்க..." என்றது அவன் குரல். அதில் இப்போது மேனேஜரும் இல்லை, இடியும் இல்லை. யார் வீட்டுப் பிள்ளையோ ஒருவன் மட்டும் இருந்தான். அவ்வளவுதான். இணைப்பு அறுந்தது. இரண்டாம் ஆறிலக்கமும் பாதி சொல்லப்பட்ட நிலையிலேயே மாண்டது. திரும்ப அழைத்துப் பார்த்தாள். அந்த எண் உறங்கிவிட்டது.

வென்றவளுக்கோ தான் வென்றது தெரியாது. கல்யாணப் பேச்சை எடுத்ததும் பையன் வெட்கப்பட்டு வைத்துவிட்டான் என்றே அந்த வெள்ளை மனம் கருதியது. ஓசூரில் வேலைக்குப் போயிருந்த பிரியங்காவிடம் சொல்லவில்லை, சொன்னால் கத்துவாள். மறுநாளே வங்கிக்குப் படையெடுத்து, மாப்பிள்ளையை நேரில் கண்டு, முகம் பிடித்திருந்தால் எண்ணையும் அவன் கையிலேயே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். திட்டமனைத்தையும் கேட்டிருந்த மாது மாமுனிவர், தம் மௌனம் கலைத்து ஒரேயொரு வினா எழுப்பினார்: "பழம் ஒரு சீப்பு போதுமா?" இரண்டு சீப்பு என்று முடிவாயிற்று.

காலையில் பட்டுச்சேலையும் வேட்டியும் துலங்க, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் பூவோடு, பணம் போடவும் எடுக்கவும் ஊர் நின்றிருந்த நீள்வரிசையை ஊடறுத்து நுழைந்தது அச்சிறு சேனை. மேனேஜர் குமாரைப் பார்க்கவேண்டும் என்று ராமக்காள் கம்பீரமாக அறிவித்தாள். அப்படி யாரும் இங்கில்லையே என்றாள் எழுந்துவந்த காவியா. மொரப்பூர்ப் பையன், என்னை அத்தை என்று கூப்பிட்டவர் என்று விளக்கினாள் வீராங்கனை. வரிசை சிரித்தது. காவியா சிரிக்கவில்லை, அவள் முகம் வெளுத்தது. எண் எதையாவது சொன்னீர்களா என்று கேட்டாள், கணினியைத் தட்டினாள், அந்த அட்டையை அங்கேயே முடக்கினாள், கணக்கைப் பார்த்தாள். பணம் போட்டது போட்டபடி கிடந்தது. பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. சைபர் புகாருக்கு 1930 என்ற எண்ணை அழைத்து, போனை ராமக்காள் கையில் கொடுத்துச் சொல்லவும் வைத்தாள்.

"அக்கா, பேங்குலருந்து யாரும் போன்ல நம்பர் கேக்கவே மாட்டோமுங்க. கேட்டா அது நாங்க இல்லீங்க. போனை வெச்சுட்டு நேரா இங்க வந்துருங்க" என்றாள் காவியா. "நல்லவேளை, முழுசாச் சொல்லாம விட்டீங்க. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

 நடந்தது என்னவென்று ராமக்காளுக்கு அப்போதுதான் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. நாலு, ஒம்போது என்று தன் வாயால் சொன்னதை நினைத்ததும் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆத்தாகிட்டப் பேசவுட மாட்டேன்னவனுக்கு எப்படீங்க நம்பர் குடுக்கறது?" என்றாள்.

வரிசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ஒருவர் தன் போனை எடுத்து, காலையில் வந்த ஓர் அழைப்பைக் காவியாவிடம் காட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் எடுத்தார். இவ்வாறாக அச்சக்கணை தொடுத்து, ஆறிலக்க அஸ்திரம் ஏவி, அத்தை என்னும் மாயச்சொல்லால் மயக்க வந்த முகந்தெரியாப் பெரும்பகையைத் தாயைக் கேட்டே துரத்தி, பட்டுக்கூட்டுச் செல்வத்தைப் பைசா குறையாமல் காத்த பேராற்றலாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, ரேஷன் கடை வாசலில் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்டாள். ஓர் அண்ணன் இருப்பதாகவும், அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருப்பதாகவும் காவியா சொன்னாள்.

வாழைப்பழத்தை வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொன்று தின்றார்கள்.